பெயரில் ஓர் எழுத்து மாறினால்: வருமான வரி ரீஃபண்டு கைக்கு வர என்ன செய்ய வேண்டும்

காட்பாடியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர், பென்ஷன் கிடையாது. சேர்த்து வைத்ததை டெபாசிட்டில் போட்டு, அந்த வட்டியில்தான் குடும்பம் நடக்கிறது. 2023-24இல் அவருக்கு 1,20,000 ரூபாய் வட்டி வந்தது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதித் தரும் 15 ஹெச் படிவம் கொடுக்க மறந்துவிட்டார். வங்கி 10 சதவீதம், அதாவது 12,000 ரூபாயை வரியாகப் பிடித்துக் கட்டிவிட்டது. வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானமே இல்லை என்பதால், பிடித்த பணத்தை ரீஃபண்டாகத் திரும்பக் கேட்டு ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு, போட்டார். அன்றிலிருந்து தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் "எனக்கு கவர்மெண்டு கவர் ஏதாவது வந்துச்சாப்பா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆடி போனது, தீபாவளி போனது, பொங்கலும் போனது.

ஒருநாள் மஞ்சப்பையில் எல்லாக் காகிதத்தையும் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பான் கார்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தேன். அவர் பெயரில் ஒரு 'ழ' உண்டு. பான் கார்டில் அதற்கு 'இசட் எச்' போட்டிருந்தது. பாஸ்புக்கில் வெறும் 'எல்'. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருந்தது. பாஸ்புக்கில் ஒரே ஓர் எழுத்து இனிஷியலாக முன்னால் நின்றது. 12,000 ரூபாயை வழிமறித்தது இவ்வளவுதான்.

"இன்னா சார், பதினஞ்சு வருசமா இந்தப் பேர்லதான் அந்த பேங்குல பணம் எடுக்கிறேன், அப்பெல்லாம் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். கவுண்ட்டரில் இருப்பவருக்கு அவர் முகம் தெரியும், கம்ப்யூட்டருக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். வேலூரில் வங்கிக் கவுண்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த எழுத்துச் சண்டையை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முதல் முறை ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருப்பவர்களுக்காக, எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று எழுதுகிறேன்.

முதலில், தபால்காரரை எதிர்பார்க்காதீர்கள். ஒரு காலத்தில் ரீஃபண்டு செக்காக ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது உண்மை. 2019 மார்ச் 1 முதல் வருமான வரித் துறை பான் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே நேராக அனுப்புகிறது. ரிட்டர்னைச் சரிபார்ப்பது பெங்களூருவில் உள்ள மத்தியச் செயலாக்க மையம், பணத்தை அனுப்புவது ஸ்டேட் வங்கி. அதனால் கேள்வி செக்கில் பெயர் சரியாக இருக்கிறதா என்பதல்ல. பான் எண்ணில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்பதுதான்.

நம் பெயர்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை

பான் விண்ணப்பத்தில் மூன்று கட்டம் இருக்கும்: கடைசிப் பெயர், முதல் பெயர், நடுப் பெயர். முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு வழக்கத்தில் இல்லை. அதனால் விண்ணப்பம் நிரப்பியவர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பார். சிலர் சொந்தப் பெயரையே கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு எது நடந்திருக்கிறது என்று தெரிய ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். பான் எண்ணில் பத்து எழுத்து. நான்காவது 'பி' என்றால் தனிநபர். ஐந்தாவது எழுத்து, பான் வாங்கியபோது கடைசிப் பெயர் கட்டத்தில் இருந்த பெயரின் முதல் எழுத்து. உங்கள் அப்பா பெயர் கிருஷ்ணன், ஐந்தாவது எழுத்து 'கே' என்றால் அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வங்கியிலோ, குறிப்பாகப் பழைய கணக்குகளில், "கே. செல்வம்" என்று முன் இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் "செல்வம் கே" என்று பின்னால் போயிருக்கும். மனிதர் ஒருவர், பெயர் மூன்று.

இதற்கு மேல் எழுத்துக் கூட்டல். செந்தில் என்ற பெயரில் ஒருவர் நடுவில் 'எச்' போடுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். லட்சுமிக்கு ஒருவர் 'எக்ஸ்' போடுவார், ஒருவர் 'கே எஸ் எச்' போடுவார். ஜெயந்தியில் 'ஜே'வுக்குப் பிறகு 'இ'யா 'ஏ'யா என்பது எழுதியவர் கையைப் பொறுத்தது. ஆம்பூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கம் வருபவர்களிடம் முகமது என்ற ஒரே பெயருக்கு நாலு விதமான எழுத்தைப் பார்த்திருக்கிறேன், 'எம்டி' என்று சுருக்கியதையும் சேர்த்தால் ஐந்து. தமிழ் ஒலியை இங்கிலீஷ் எழுத்தில் அடைக்கும்போது எல்லாருக்கும் ஒரே வழி கிடையாது. ஊர்ப் பெயருக்கே அந்தக் கதிதான். 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஆணை வெளியிட்டது. அதில் நம் வேலூருக்கு இரண்டு 'இ'யும் இரண்டு 'ஓ'வும் போட்டார்கள். சில நாளில் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஊரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாலாஜாக்காரர் ஒருவர் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்று இருப்பதால்தான் பணம் வரவில்லையோ என்று பயந்து வந்தார். பணம் விலாசத்துக்கு வருவதில்லை, கணக்குக்குத்தான் போகிறது. மாவட்டப் பெயர் பழையதாக இருப்பது ரீஃபண்டைத் தடுக்காது. விலாசத்தை நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது

எங்கும் ஓடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பான் கார்டு, ஆதார், பாஸ்புக், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நான்கையும் எதிரில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை, பெரிய எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். மனதில் இருப்பதை எழுதாதீர்கள், அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதுங்கள். எங்கே இடைவெளி, எங்கே புள்ளி, எங்கே இனிஷியல் என்பதையும் அப்படியே எழுதுங்கள். பல வருடமாகக் கையில் வைத்திருந்த அட்டையில் பிழை இருப்பதே இப்போதுதான் கண்ணில் படும். பட்டதை வட்டம் போட்டு வையுங்கள்.

அடுத்தது வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளம். பான் எண்தான் பயனர் பெயர். யாரோ ஒரு கடையில் ரிட்டர்ன் போட்டிருந்தால் பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி உடனே மாற்றிவிடுங்கள். கணக்கு உங்களுடையது, மொபைல் எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். துறை அனுப்பிய எல்லாச் செய்தியும் அவர் போனில் தூங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே போனதும் 'இ-ஃபைல்' பட்டியலில் 'வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்' என்ற இடத்தைத் திறங்கள். இங்கே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் இ-வெரிஃபை, அதாவது போட்டது நீங்கள்தான் என்று ஆன்லைனில் உறுதி, செய்திருக்கிறதா? செய்யவில்லை என்றால் பெயர் பிரச்சினைக்கே நீங்கள் இன்னும் வரவில்லை, ரிட்டர்ன் அங்கேயே நிற்கிறது. அடுத்து, ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்திருக்கிறதா? அந்தக் கோப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என்று எட்டு இலக்கமாக அடியுங்கள். பழைய வருடத்துப் பாக்கிக்காக ரீஃபண்டைக் கழித்துக்கொண்டார்களா என்பதும் அதில் தெரியும். கழித்திருந்தால் அது வேறு வழக்கு, பெயரைத் திருத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. மூன்றாவதாக, 'ரீஃபண்டு ஃபெயில்யூர்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் காரணத்தையும் அங்கேயே எழுதியிருப்பார்கள்.

பிறகு 'மை ப்ரொஃபைல்' போய் 'மை பேங்க் அக்கவுண்ட்' பகுதியைத் திறங்கள். கணக்குக்கு நேரே 'வேலிடேட்டட்', அதாவது சரிபார்த்தாயிற்று, என்று இருந்தால் நல்லது. 'ஃபெயில்டு' என்றால் அதன் மேல் தட்டிக் காரணத்தைப் படியுங்கள். பெயர் ஒத்துப்போகவில்லை, பான் இணைக்கவில்லை, கணக்கு மூடப்பட்டது என்று ஏதாவது இருக்கும். கணக்கு சரியாகவே இருந்தும் 'ரீஃபண்டுக்கு நியமி' என்ற பொத்தானைத் தள்ளாமல் விட்டவர்களும் உண்டு. அதையும் பார்த்துவிடுங்கள்.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். 2019லும் 2020லும் பல வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தன. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், சிண்டிகேட் கனராவோடும், விஜயா பரோடாவோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பழைய எண்ணை அடித்தால் வேலை நடக்காது.

எதைத் திருத்துவது

இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆதாரை மாற்றுவார்கள், அதைப் பார்த்துப் பானை மாற்றுவார்கள், கடைசியில் முன்பு ஒத்துப்போன இரண்டும் இப்போது ஒத்துப்போகாது. நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள எழுத்தைத் தாய் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்காதவர்கள் பாஸ்போர்ட்டையோ, பட்டாளத்தில் இருந்தவர்கள் டிஸ்சார்ஜ் புக்கையோ வைத்துக்கொள்ளலாம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்த ஊர்களில் பென்ஷன் எல்லாம் அந்த எழுத்தில்தான் போகும், அதை அசைக்கக் கூடாது. பான் கார்டு அந்தத் தாய் எழுத்தோடு ஒத்துப்போனால் பானைத் தொடாதீர்கள், வங்கியில் மாற்றுங்கள். பானில்தான் பிழை என்றால் பானைத் திருத்துங்கள். ஆதாரைக் கடைசியாக வையுங்கள். வாழ்நாளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயர் மாற்ற அனுமதி. ஒரு ரீஃபண்டுக்காக அதில் ஒன்றைச் செலவழிப்பது நல்ல கணக்கல்ல.

பத்துக்கு ஏழு எட்டுப் பேருக்கு வங்கியில் மாற்றினாலே போதும் என்பது என் அனுபவம். செலவும் இல்லை, அலைச்சலும் குறைவு.

வங்கியில்

பாஸ்புக்கில் அச்சடித்த பெயரை மட்டும் நம்பாதீர்கள். கவுண்ட்டரில் "என் கஸ்டமர் ஐடியில பேர் எப்படி இருக்கு, பான் நம்பர் ஏறியிருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். டீச்சரம்மா விஷயத்தில் பாஸ்புக்கில் இருந்தது ஒரு பிழை, கம்ப்யூட்டரில் இருந்தது இன்னொரு பிழை. கணக்கு தொடங்கிய காலத்தில் பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது ஓர் எழுத்து விழுந்திருந்தது. பான் எண்ணும் ஏறவில்லை. வரி பிடித்த டெபாசிட் வேறு கிளையில் இருந்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். நீட்டி எழுத வேண்டாம். "ஐயா, உங்கள் கிளையில் என் சேமிப்புக் கணக்கு உள்ளது, எண் இது. கணக்கில் என் பெயர் இவ்வாறு இருக்கிறது. பான் அட்டையில் உள்ளபடி இவ்வாறு திருத்தி, என் பான் எண்ணையும் இணைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பெயரையும் பெரிய எழுத்தில் தனித்தனி வரியில் எழுதுங்கள். பான், ஆதார் நகல்களில் கையெழுத்துப் போட்டு இணையுங்கள், அசல் கையில் இருக்கட்டும். ஒரு போட்டோவும் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் இன்னொரு நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை இருந்தால் அடுத்த முறை போகும்போது வேறொருவர் உட்கார்ந்திருந்தாலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எழுத்து, ஓர் இனிஷியல் என்றால் பான் கார்டே போதும். பெயரே வேறு மாதிரி இருந்தால், உதாரணமாக வீட்டுப் பெயரில் கணக்கும் பள்ளிப் பெயரில் பானும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள டைப்பிங் கடைகளில் இதை எழுதித் தருவார்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவது உண்மையிலேயே பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்குத்தான். சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறைதான் அதைச் செய்கிறது. ஒரு 'எச்' விட்டுப்போனதற்கு அங்கே வரை போக வேண்டாம்.

ஜாயிண்ட் கணக்கு என்றால் உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும், உங்கள் பானும் ஏறியிருக்க வேண்டும். பையன் கணக்கையோ வீட்டுக்காரர் கணக்கையோ கொடுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது வேலிடேட் ஆகவே ஆகாது. இரண்டு வருடம் நீங்கள் எந்த வரவுசெலவும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். கேஒய்சி, அதாவது அடையாள, விலாசச் சான்றுகள், கொடுத்து அதை முதலில் எழுப்புங்கள்.

பானைத் திருத்துவது

ப்ரோட்டியன், யுடிஐஐடிஎஸ்எல் என்ற இரண்டு நிறுவனங்கள் வழியாகப் பான் திருத்த விண்ணப்பம் கொடுக்கலாம். அட்டை வீட்டுக்கு வர நூறு ரூபாய் சொச்சம் கட்டணம். விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடதுபக்கம் ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கும். எதை மாற்றுகிறீர்களோ அதற்கு மட்டும் டிக் போடுங்கள். பெயரை மட்டும் திருத்தப் போனவர் எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு, போட்டோ, கையெழுத்து, அப்பா பெயர் என எல்லாம் குழம்பிப்போனதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பான் எண் மாறாது. கடைசிப் பெயர் மாறினால் ஐந்தாவது எழுத்தும் மாறுமோ என்று கேட்கிறார்கள். மாறாது, பழைய எண்ணேதான். இன்னொரு பான் மட்டும் புதிதாக வாங்கிவிடாதீர்கள், ஒருவர் இரண்டு பான் வைத்திருப்பதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

கல்யாணமான பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் கல்யாணம் ஆனதும் இனிஷியல் அப்பாவிடமிருந்து வீட்டுக்காரருக்கு மாறிவிடுகிறது. ரேஷன் கார்டு, ஆதார், வங்கி எல்லாம் அப்படி மாறும், பான் மட்டும் கல்யாணத்துக்கு முன் வாங்கியது. பான் கார்டில் கணவர் பெயருக்கு என்று ஒரு கட்டமே இல்லை, அப்பா பெயருக்குத்தான் உண்டு. அம்மா தனியாக வளர்த்திருந்தால் 2018 டிசம்பர் முதல் அம்மா பெயர் மட்டும் கொடுக்கலாம். ஆகவே கல்யாணம் ஆயிற்று என்பதற்காகப் பானில் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சிஎம்சி மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு நர்ஸ் பெண்ணுக்கு நான் சொன்னது: "உன் படிப்பு, ரிஜிஸ்ட்ரேஷன், பான் எல்லாம் அப்பா பேர்ல ஒண்ணா இருக்கும்மா. அதை அப்படியே வெச்சிக்கோ. சம்பளக் கணக்கை மட்டும் அதுக்கேத்த மாதிரி மாத்து." ஒரே வாரத்தில் முடிந்தது.

பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தது. அப்படிப்பட்ட பானுக்கு ரீஃபண்டு வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 1,000 ரூபாய் கட்டி இணைத்தால் உயிர் வரும்.

இதை ஒட்டி ஒரு பயத்தையும் போக்கிவிடலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் ஃபார்ம் 16இல் பெயர் தப்பாக இருக்கிறது என்று ஓடி வருகிறார்கள். அதில் பெயரை விடப் பான் எண்தான் முக்கியம். எண் சரியாக இருந்தால் பிடித்த வரி, துறையின் வரிப் பட்டியலான 26 ஏஎஸ்ஸில் உங்கள் கணக்கில் நிற்கும். எண் தப்பு என்றால் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பிரிவு திருத்த அறிக்கை போட்டாக வேண்டும், அதை நீங்கள் செய்ய முடியாது.

மறுபடி அனுப்பக் கேட்பது

வங்கியில் திருத்தியதும் இரண்டு மூன்று நாள் பொறுத்து, இ-ஃபைலிங் தளத்தில் அந்தக் கணக்கை மறுபடி வேலிடேட் செய்யுங்கள். அது பச்சையான பிறகுதான் அடுத்த அடி. 'சர்வீசஸ்' பட்டியலில் 'ரீஃபண்டு ரீ-இஷ்யூ' இருக்கும். அதைத் திறந்து, பணம் திரும்பிப் போன வருடத்தைத் தேர்ந்து, கணக்கைக் குறித்து, ஆதார் ஓடிபி மூலம் வெரிஃபை செய்யுங்கள். ஆதாரில் உள்ள மொபைல் அந்த நேரம் கையில் இருக்க வேண்டும். வெரிஃபை செய்யாத கோரிக்கை போகாது, இதில்தான் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். கிடைக்கும் பரிவர்த்தனை எண்ணை எழுதி வையுங்கள்.

ரீஃபண்டுக்கு மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி உண்டு. ரீஃபண்டுத் தொகை, கணக்கிட்ட வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி இல்லை. வந்த வட்டியை வந்த வருடத்து வருமானமாகக் காட்ட வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வாரக்கணக்கில் அசைவே இல்லை என்றால் தளத்திலேயே 'கிரீவன்ஸ்' பகுதியில் புகார் எழுதுங்கள். 1800 103 0025, 1800 419 0025 என்ற இலவச எண்களில் பேசலாம். "ரீஃபண்டுல பத்து பர்சண்ட் குடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்று வருபவரிடம் கொடுக்காதீர்கள். அவர் செய்வதும் இதே அடிகள்தான்.

கையில் காகிதச் செக் இருந்தால்

வரி ரீஃபண்டு செக்காக வராவிட்டாலும், கம்பெனி செட்டில்மெண்ட், சீட்டுப் பணம் என்று பெயர் தப்பான செக்குகள் இன்னும் வருகின்றன. பழைய வங்கிப் பாடம் ஒன்று உண்டு: பெயர் தப்பாக இருந்தால் பின்னால் முதலில் தப்பான எழுத்தில் கையெழுத்து, அதன் கீழ் சரியான கையெழுத்து. கிராஸ் செய்து 'அக்கவுண்ட் பேயீ' போட்ட செக்குக்கு அது இப்போது உதவாது. செக்கின் படம்தான் கிளியரிங்குக்குப் போகிறது, பெயரில் அடித்தல் திருத்தல் இருந்தால் திரும்பிவிடும். கொடுத்தவரே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாலும் அதே கதிதான். நீங்கள் பேனாவால் ஓர் எழுத்தைச் சேர்ப்பதோ குற்றம். கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்துப் புதுச் செக் வாங்குங்கள். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான், 2012 ஏப்ரலுக்கு முன்பிருந்த ஆறு மாதக் கணக்கை நம்பி வைத்திருக்காதீர்கள்.

அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளைகளுக்கு அந்த நாட்டுக் கருவூலச் செக் வந்திருந்தால் அது ஒரு வருடம் செல்லும். தப்பான எழுத்தும் சரியான எழுத்தும் இரண்டும் போட்டுக் கையெழுத்திடும் முறை அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. அங்குள்ள கணக்கு இன்னும் திறந்திருந்தால் அதில் போடுவதே நல்லது, வெளிநாட்டுச் செக்கை எடுப்பதை இங்கே பல வங்கிகள் நிறுத்திவிட்டன.

மோசடிக் குறுஞ்செய்தி பற்றி ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் "உங்கள் ரீஃபண்டு தயார், பெயரை உறுதி செய்ய இந்த லிங்கைத் தட்டவும்" என்று குறுஞ்செய்தி வரும். தட்டாதீர்கள். வருமான வரித் துறை உங்கள் பின் எண்ணையோ கார்டு எண்ணையோ கேட்காது. தெரியாமல் கொடுத்துவிட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள், அந்த முதல் ஒரு மணி நேரத்தில் தடுத்தால்தான் பணம் மிஞ்சும்.

டீச்சரம்மாவுக்கு வங்கியில் பெயர் மாற ஒன்பது நாள் ஆனது. ரீ-இஷ்யூ கேட்ட மூன்றாவது வாரம் பாஸ்புக்கை மெஷினில் விட்டு எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். வரிசையில் கடைசியில் 'ஐடிடி டாக்ஸ் ரீஃபண்டு' என்ற வார்த்தை, அதன் எதிரே வட்டியோடு தொகை. அவர் தொகையைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி, புதிதாக ஒட்டிய தாளில் தன் பெயரில் இருந்த அந்த 'இசட் எச்'சை விரலால் காட்டினார்.